காலில் ஆறாத தடிப்பு: எங்கே காட்டுவது, எதைக் கொண்டு ஆற்றுவது?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பெண் தன் தகப்பனை அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். அவர் வவுனியாவில் தோட்டம் செய்பவர், வயது 63. சாரத்தைச் சற்று உயர்த்தி வலது காலை முன்னே நீட்டினார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு தடிப்பு. உள்ளங்கை அகலம் இருக்கும், பூக்கோவாவின் மேற்புறம் போலக் கரடுமுரடாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். மிளகுத்தூள் தூவியது போல அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். அவற்றைக் கண்டதும் எனக்கு மனம் படபடத்தது. முப்பது வருடம் கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் நான். அந்தப் புள்ளிகளைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் என்ன தெரியக்கூடும் என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன் பனை மட்டையால் வேலி அடைத்தபோது கருக்கு கீறிய இடம் அது. கீறல் ஆறிவிட்டது. சில மாதங்களில் அதே இடத்தில் ஒரு பரு எழுந்தது. பிறகு அது தடித்தது, பரவியது. வலி பெரிதாக இல்லை, இடையிடையே கடி மட்டும். அதனால்தான் ஆறு வருடம் ஓடிப்போனது. ஒருவர் எக்ஸிமா என்றார், ஒருவர் பாலுண்ணி என்றார், இன்னொருவர் தோல் காசநோயாக இருக்கலாம் என்றார். மகள் கொண்டுவந்த பையில் நசுங்கிய களிம்புக் குழாய்கள் ஏழு இருந்தன.

"அன்ரி, நாளைக்கே தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து காட்டவா, தேசிய வைத்தியசாலைக்குப் போய் வரிசையில் நிற்கவா? சித்தப்பா வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார். ஊரில் ஒருவர் ஒரு வருடம் குளிசை போட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?"

இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்தை எழுதுவதும் அளவைத் தீர்மானிப்பதும் தோல் நோய் நிபுணரின் வேலை. அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடக்கூடாது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

இது என்ன நோய்

நான் சந்தேகித்த நோய்க்குக் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்பது பெயர். மண்ணிலும் உக்கிய மரத்திலும் முள்ளிலும் வாழும் கருநிறப் பங்கசுகள் சிறு காயத்தின் வழியே தோலுக்குள் புகுந்து உண்டாக்கும் நோய். ஃபொன்சேசியா பெட்ரோசோய் என்ற பங்கசுதான் உலகில் அதிகம் காணப்படும் காரணி. படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு தோலின் மேல் படையில் மட்டும் இருக்கும். இது ஆழத்தில் குடியிருக்கும். மேலே பூசும் களிம்பு அதனிடம் போய்ச் சேராது. அதன் சுவரில் உள்ள மெலனின் என்ற கரு நிறமி உடலின் தாக்குதலிலிருந்து அதைக் காக்கிறது.

அரிய நோய்தான், ஆனாலும் நமக்குப் புதியதல்ல. 1997 இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையில் மட்டும் 71 நோயாளிகளை விவரித்திருக்கிறது. பிரேசிலிலும் மடகஸ்காரிலும் இது கூடுதலாக உண்டு. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. செருப்பில்லாமல் வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர்களின் கால்களில்தான் பெரும்பாலும் வருகிறது. புறக்கணிக்கப்பட்ட நோய் என்ற பெயர் அவர்களையும் குறிக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அந்தத் தகப்பனுக்கு வீட்டில் தனித் துவாய், தனிக் கதிரை. பேரப்பிள்ளையை மடியில் வைத்து மூன்று வருடம் ஆகிறதாம். யாரும் அவரை அப்படி ஒதுங்கச் சொல்லவில்லை, அவராகவே ஒதுங்கியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் துக்கம் வந்தது.

எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஐந்து கேள்விகளை அதனிடம் கேட்கிறேன். நோயின் பெயரை இது உறுதியாகச் சொல்லுமா? பதில் வரவும் குணமாகவும் எவ்வளவு காலம் ஆகும்? கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, பஸ் காசும் இழந்த நாட்கூலியும் சேர்த்து? ஈரலும் இதயமும் இதைத் தாங்குமா? நோய் திரும்பி வராதா?

முதலாவது கேள்விக்கு மற்ற நான்கையும்விடக் கூடிய எடை கொடுக்கிறேன். காரணம், இதே தோற்றத்தில் வரும் வேறு நோய்கள். தோல் காசநோய் இப்படி இருக்கும். மணல் ஈயால் பரவும் தோல் லீஷ்மேனியாசிஸ் இலங்கையின் உலர் வலயத்தில் சாதாரணமாகவே உண்டு, அதுவும் சில வேளை இப்படித் தடிக்கும். செதிட்கலப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோயும் இப்படி இருக்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் ஒரு மருந்துக்கூட்டம், லீஷ்மேனியாசிஸுக்கு ஊசி, புற்றுநோய்க்குக் கத்தி. பெயர் பிழைத்தால் சிகிச்சை முழுவதும் பிழைக்கும்.

முதல் முடிவு: எங்கே காட்டுவது

*பாமசி மேசை*

மூலையில் இருக்கும் பாமசியில் காலைக் காட்டி ஒரு களிம்பு வாங்குவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அன்றே முடியும், வரிசை இல்லை, லீவு எடுக்கத் தேவையில்லை. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறும் புண்ணுக்கும் இடுப்பில் வட்டமாக வரும் படைக்கும் பங்கசுக் களிம்பு உதவலாம்.

நம் தடிப்புக்கு இது வெறும் கால விரயம். அதையும் தாண்டி ஒரு கெடுதல் உண்டு. பல களிம்புகள் கலவைகள்: பங்கசு மருந்து, அன்ரிபயோட்டிக், வலிய ஸ்டீரோய்ட் மூன்றும் ஒரே குழாயில். ஸ்டீரோய்ட் சிவப்பையும் கடியையும் அமுக்கிவிடும். ஒரு கிழமை நன்றாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே பங்கசுக்கோ அது எதிர்ப்பில்லாத இடமாகிவிடும். அதைவிட, பங்கசு மருந்து பூசிய தோலைச் சுரண்டிப் பார்த்தால் பங்கசு கண்ணில் படாமல் போகலாம். அந்தப் பையிலிருந்த ஏழு குழாய்களில் நான்கில் ஸ்டீரோய்ட் இருந்தது. ஏழின் விலையையும் மகள் என் மேசையில் வைத்துக் கூட்டினாள், கூட்டி முடித்ததும் ஒன்றும் பேசாமல் பையை மூடினாள்.

ஒரு மாதம் தாண்டியும் ஆறாத எதையும் பாமசி மேசையில் காட்டாதீர்கள்.

*தனியார் வைத்தியசாலையில் சனல்*

இரண்டு மூன்று நாட்களில் தோல் நிபுணரைப் பார்த்துவிடலாம். மாலையிலும் சனிக்கிழமையிலும் நேரம் கிடைக்கும் என்பதால் வேலைக்குப் போகும் மகனோ மகளோ கூட வரலாம். தமிழில் பேசும் நிபுணரை விசாரித்துத் தேர்ந்தெடுக்கவும் முடியும். நோயின் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டிய நோய் இது, கருக்கு கீறியதைத் தன் மொழியில் சொல்ல முடிவது சிறிய உதவி அல்ல.

மறைந்திருக்கும் செலவு நிபுணரின் கட்டணத்தில் இல்லை. பயொப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு, எடுக்க ஒரு கட்டணம், இழையப் பரிசோதனைக்கு ஒன்று, துண்டிலுள்ள பங்கசை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் பங்கசு வளர்ப்புக்கு ஒன்று, ஈரல் பரிசோதனைக்கு மாதாமாதம் ஒன்று. முதல் நாள் சொல்லப்படும் தொகையோடு எதுவும் முடியாது. சனல் அறையில் கிடைக்கும் நேரமும் குறைவு. வெளியில் இருபது பேர் காத்திருக்க, ஆறு வருடக் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது, எதனால் கீறியது, என்னென்ன பூசினீர்கள், இப்போது வேறு எந்த நோய்க்கு எந்தக் குளிசை எடுக்கிறீர்கள்.

*அரசாங்கத் தோல் கிளினிக்*

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் பார்ப்பதற்கும் பயொப்ஸிக்கும் பரிசோதனைக்கும் பணம் இல்லை. அரிய பங்கசு நோய்க்கு இதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசு நோய்களுக்கென்றே ஆய்வுகூடம் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையிலிருந்து மாதிரி அங்கே போவது வழக்கமான பாதை. இப்படிப்பட்ட பங்கசுகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அங்கே இருக்கின்றன. நுணுக்குக்காட்டி வேலையில் பழகிய கண்ணுக்கு ஈடு எதுவுமில்லை.

விலை வேறு விதமாகக் கொடுக்கப்படுகிறது. விடியற்காலையில் வர வேண்டும், ஒரு நாள் முழுவதும் போகும். வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து அடுத்த இரவு திரும்புபவருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் இரண்டு நாட்கூலி. மருந்து கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 2022 நெருக்கடியில் அந்தத் துண்டுடன் காலி வீதி நெடுகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: நோயின் பெயர் உறுதியானதும், மாதாந்தப் பார்வையையும் மருந்தையும் எங்கள் மாவட்ட வைத்தியசாலைக்கு மாற்றித் தர முடியுமா? பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் பெரும்பாலும் கடிதம் எழுதித் தருவார்கள்.

இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்று உண்டு. காசு இறுக்கமாக இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். நம் நாட்டில் காலையில் அரசாங்கக் கிளினிக்கில் இருக்கும் நிபுணர்தான் மாலையில் தனியாரிலும் பார்க்கிறார். ஒரு தடவை சனல் செய்து நிதானமாகக் காட்டுங்கள். பிறகு, "ஐயா, பரிசோதனையையும் மருந்தையும் உங்கள் அரசாங்கக் கிளினிக்கில் தொடர முடியுமா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நிபுணர் பெண்ணாக இருந்தால் "டொக்டர்" என்று தொடங்குங்கள். அதைக் கேட்டதற்காக யாரும் கோபித்து நான் அறியவில்லை.

*நாட்டு வைத்தியம்*

எண்ணெயும் பத்தும் போட்டுப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது, அதை நான் இகழவில்லை. ஆனால் தடிப்பைச் சுரண்டிப் பச்சிலை வைத்துக் கட்டுவது இந்த நோயில் கெடுதல். சுரண்டிய இடத்திலிருந்து பக்கத்துத் தோலில் புதிய தடிப்புகள் முளைக்கும்.

மாதிரி எடுக்கும் அந்தப் பத்து நிமிடம்

எந்தக் கதவால் நுழைந்தாலும் எல்லாம் தீர்மானமாகும் இடம் இதுதான். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

முதல் பரிசோதனை மிக எளியது. கறுப்புப் புள்ளி இருக்கும் இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 முதல் 20 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய மூடித் தகடு. காரம் தோலின் கலங்களைக் கரைக்கும், பங்கசு கரையாமல் நிற்கும். சற்றுப் பொறுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், நோய் இதுவானால், தெளிந்த பின்னணியில் செப்புக் காசுகள் சிந்தியது போலப் பழுப்பு நிற உருண்டைகள் தெரியும். தடித்த சுவர், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஒன்றின் விட்டம் 5 முதல் 12 மைக்ரோமீற்றர். 1915 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் இந்நோயை விவரித்த மெட்லர் என்பவரின் பெயரால் மெட்லர் உருண்டைகள் என்று சொல்வோம். அந்த உருண்டை ஒன்று கண்ணில் பட்டால் நோயின் பெயர் முடிந்தது. அன்றே தெரியும், செலவும் மிகக் குறைவு. இதைக் கேட்டு வாங்குங்கள். சுரண்டுவதற்கு முன் எவ்வளவு நாள் களிம்பு பூசாமல் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது பயொப்ஸி. மரக்க ஊசி போட்டுத் தோலில் சிறு துண்டு எடுப்பார்கள். இங்கேதான் நான் பல தடவை மனம் நொந்திருக்கிறேன். துண்டு முழுவதையும் போமலினில் போட்டு அனுப்பிவிடுவார்கள். போமலின் இழையத்தைக் கெடாமல் காக்கும், பங்கசைக் கொன்றுவிடும். இறந்த பங்கசு எந்தக் குப்பியிலும் வளராது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள், தூர இடத்திலிருந்து வந்த ஒரு தாயின் மாதிரி என் மேசைக்கு வந்தது. சீட்டில் "பங்கசு வளர்ப்பு" என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் அந்த மணம் வந்தது. அந்தத் தாயைத் திரும்ப வரச் சொல்லி, திரும்ப மரக்க ஊசி போட்டு, திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. அதனால் பயொப்ஸி எடுக்கும் நாளில் இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ஒரு துண்டு போமலினில் இழையப் பரிசோதனைக்கு, இன்னொரு துண்டு கிருமி நீக்கிய சேலைனில் வளர்ப்புக்கு. இரண்டு குப்பிகள். கையில் இரண்டு குப்பிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

வளர்ப்புக்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். பங்கசுக்கு உணவாகும் சபூரோ என்ற ஊடகத்தில் மெதுவாக, கரும்பச்சையிலிருந்து கறுப்பு வரையில், வெல்வெட் துணி போல வளரும். எந்த இனம் என்பது அதில் தெரியும். மருந்து பலிக்காமல் போனால் மாற்றி யோசிக்கவும் அது உதவும்.

சீட்டில் "தோட்டம் செய்பவர், கருக்கு கீறிய காயம், பங்கசு சந்தேகம்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். இந்நோயில் மேல்தோல் பெருகிப் புற்றுநோய் போலத் தோன்றும். பங்கசைத் தேடாமல் பார்ப்பவர் புற்றுநோய் என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. மறுபுறம், பல வருடம் கவனிக்காமல் விட்ட தடிப்பில் உண்மையாகவே புற்றுநோய் முளைப்பதும் உண்டு. இழையத்தைப் பார்ப்பவருக்கு இரண்டையும் நினைவூட்டுவது அந்தச் சீட்டின் வேலை.

இரண்டாம் முடிவு: எதைக் கொண்டு ஆற்றுவது

முதலில் அளவுகோலை எடுத்து அளந்துகொள்ளுங்கள். ஒரே தடிப்பு, 5 சென்ரிமீற்றருக்குள் என்றால் இலேசானது. ஒன்றோ பலவோ, 15 சென்ரிமீற்றருக்குள் என்றால் நடுத்தரம். அதற்கு மேல் பரவியது கடுமையானது. சித்தப்பாவும் ஊர்க்காரரும் வாதாடிய கேள்விக்குப் பாதி விடை இந்த அளவில் இருக்கிறது.

| வழி | யாருக்குப் பொருந்தும் | காலம் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| இட்ரகொனசோல் (பங்கசு மருந்து, கப்சூல்) | நடுத்தரமும் கடுமையும் | 6 முதல் 12 மாதம், சிலருக்கு இன்னும் கூட | வேறு மருந்துகளுடன் மோதல், ஈரல் பரிசோதனை, இதயம் |
| டெர்பினாஃபின் (பங்கசு மருந்து, குளிசை) | பல குளிசை எடுக்கும் முதியவர்கள் | ஏறத்தாழ அதே காலம் | ஈரல் பரிசோதனை, சிலருக்கு நாச்சுவை போதல் |
| வெட்டி எடுத்தல் | சிறிய ஒற்றைத் தடிப்பு | ஒரு நாள், பிறகு காயம் ஆறும் காலம் | விளிம்பில் மிஞ்சினால் திரும்ப வரும் |
| உறையவைத்தல் | சிறியது, அல்லது குளிசைக்குத் துணையாக | பல தடவை, மாதக்கணக்கில் | வலி, கொப்புளம், தோல் வெளிறுதல் |
| சூடு கொடுத்தல் | துணையாக மட்டும் | மாதக்கணக்கில் | சுட்டுப்போதல் |

*இட்ரகொனசோல் கப்சூல்*

பெரும்பாலானோருக்கு முதலில் எழுதப்படுவது இதுதான். நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம். ஒரு கப்சூல் 100 மில்லிகிராம், ஆகவே குறைந்த அளவே என்றாலும் நாளுக்கு இரண்டு, வருடத்துக்கு 730 கப்சூல். வெளியில் வாங்க வேண்டி வந்தால் ஒன்றின் விலையைக் கேட்டு 730 ஆல் பெருக்கிப் பாருங்கள். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. நான்காம் மாதம் தடிப்பு தட்டையாகிவிடும், காசும் தீர்ந்திருக்கும், மருந்து நின்றுவிடும். உள்ளே மிஞ்சிய பங்கசு திரும்ப எழும். இந்த நோயில் நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை இப்படி நடந்தவை. முழுக் காலத்துக்கும் மருந்து எங்கிருந்து வரும் என்று தெரிந்த பிறகு தொடங்குவது நல்லது.

கப்சூல் வயிற்று அமிலத்தில்தான் கரையும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே எடுக்க வேண்டும். வெறும் தேநீருடன் விழுங்கினால் பாதி வீண். நம்மில் பலர் கஸ்ரைட்டிஸுக்கென்று தினமும் ஒமெப்ரசோல் எடுக்கிறோம், அது அமிலத்தைக் குறைத்து இந்த மருந்து உடலில் சேராமல் செய்துவிடும். கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டட்டினுடன் இதைச் சேர்த்து எடுக்கவே கூடாது, தசை கரையும் ஆபத்து உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு இது பொருந்தாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். அந்தத் தகப்பனிடம் ஒமெப்ரசோல், சிம்வாஸ்டட்டின் இரண்டும் இருந்தன. தோல் கிளினிக்கில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து அவற்றை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். கொழும்புக்கு வரும் நாளில் வீட்டிலுள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பலன் எப்படி? வெளிவந்த ஆய்வுகளில் குணமானோர் 15 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், எவ்வளவு பரவியிருந்தது, எவ்வளவு காலம் விடாமல் எடுத்தார்கள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

*டெர்பினாஃபின் குளிசை*

நாளுக்கு 250 முதல் 500 மில்லிகிராம். மற்ற மருந்துகளுடன் மோதுவது இட்ரகொனசோலைவிடக் குறைவு. வயிற்று அமிலத்தை நம்பியும் இல்லை. கொலஸ்ட்ரோல், பிரஷர், கஸ்ரைட்டிஸ் என்று ஒரு கைப்பிடி குளிசை எடுக்கும் முதியவருக்கு நிபுணர் இதை முன்னே வைத்தால் காரணம் அதுதான். ஈரல் நோய் உள்ளவருக்கு ஆகாது. சிலருக்கு நாச்சுவை போய்விடும். சாப்பாடு மண் போல இருக்கிறது என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதைச் சலிப்பு என்று தள்ளாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒன்று தனியாகப் பலிக்காதபோது இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

*வெட்டி எடுத்தல்*

சித்தப்பாவின் ஆலோசனை முற்றிலும் பிழையல்ல, ஆறு வருடம் பிந்திய ஆலோசனை. ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரே தடிப்பாக இருந்தபோது, சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து முழுத் தடிமனில் வெட்டி எடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கலாம். சிறிய, புதிய, ஒற்றைத் தடிப்புக்கு இதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம். மருந்துச் செலவும் ஈரல் பரிசோதனையும் பெருமளவு மிஞ்சும்.

உள்ளங்கை அகலத்தில் அப்படி வெட்டினால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும். முன்காலில் தோல் இறுக்கமானது, நீரிழிவும் இருந்தால் ஒட்டிய தோல் பிடிப்பது கடினம். விளிம்பில் சிறிது மிஞ்சினாலும் நோய் வடுவின் ஓரத்தில் திரும்ப முளைக்கும். முன்னும் பின்னும் குளிசை கொடுப்பது அதனால்தான். இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை: பாலுண்ணி என்று நினைத்துச் சுரண்டி மின்சாரத்தால் எரிப்பதை ஏற்க வேண்டாம். வெட்டி எடுத்தலும் சுரண்டி எரித்தலும் ஒன்றல்ல. சுரண்டினால் பங்கசு சுற்றுத் தோலுக்குப் பரவும்.

*உறையவைத்தல்*

மைனஸ் 196 பாகை செல்சியஸில் இருக்கும் திரவ நைதரசனைத் தடிப்பின்மேல் தெளித்து உறையவைத்து, இளக விட்டு, திரும்ப உறையவைப்பார்கள். வெண்புகை எழும், தடிப்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கும். முதலில் குத்தும், இளகும்போது எரியும். மறுநாள் கொப்புளம் எழும், அதற்குப் பயந்து அடுத்த தடவைக்கு வராமல் விட்டவர்கள் உண்டு. கொப்புளம் எதிர்பார்த்ததே என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் வருவார்கள். நம் நிறத் தோலில் அந்த இடம் வெளிறி நிற்கும். குளிசையால் தடிப்பு மெலிந்த பிறகு, மிஞ்சிய மேடுகளுக்கு இது நல்ல துணை. கிழமைக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதால் கொழும்பில் இருப்பவருக்கு எளிது, வவுனியாவிலிருந்து வருபவருக்குக் கடினம்.

*சூடு கொடுத்தல்*

இந்தப் பங்கசுகள் உயர்ந்த வெப்பத்தில் வளர முடியாதவை. ஜப்பானில் குளிருக்குப் பயன்படுத்தும் கைச்சூட்டுப் பைகளைக் கட்டி, 42 முதல் 45 பாகை செல்சியஸில் தினமும் சூடு கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர் வெந்நீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டு தூங்கினால் காலையில் புதிதாக ஒரு புண் இருக்கும். நிபுணர் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது

எந்த வழியிலும் பார்வைக்கு ஆறிவிட்டது என்பதை வைத்து நிறுத்தக்கூடாது. திரும்பச் சுரண்டிப் பார்த்து, தேவையானால் திரும்பப் பயொப்ஸி எடுத்து, பழுப்பு உருண்டைகள் இல்லை என்று தெரிய வேண்டும். நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை, ஒரே ஜன்னல் அருகில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக்கில் வைத்தியர் மாறினாலும் படங்கள் அவருக்குக் கதை சொல்லும்.

அந்தத் தகப்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒரு தடவை சனல் செய்து காட்டினார்கள், பிறகு அதே நிபுணரின் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள். சுரண்டிய தகட்டிலேயே உருண்டைகள் தெரிந்தன. பயொப்ஸி எடுத்த நாளில் மகள் குப்பிகளை எண்ணியிருக்கிறாள், இரண்டும் இருந்தனவாம். தடிப்பு 9 சென்ரிமீற்றர், நடுத்தரம், ஆகவே கத்தி இல்லை. சிம்வாஸ்டட்டினை வைத்தியர் மாற்றிக் கொடுத்தார், ஒமெப்ரசோலை நிறுத்தினார், இட்ரகொனசோல் தொடங்கியது. ஐந்தாம் மாதத்திலிருந்து அவருடைய மாவட்ட வைத்தியசாலையிலேயே மருந்து எடுக்கிறார், உறையவைக்க மட்டும் கொழும்புக்கு வந்தார்.

இப்போது எட்டாம் மாதம். மேற்பாதி தட்டையாகி வெளிறிவிட்டது. கீழ் ஓரத்தில் இன்னும் நான்கைந்து கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, மருந்து தொடர்கிறது. போன கிழமை மகள் ஒரு படம் அனுப்பினாள். அளவுகோல் வைத்த படம்தான் வரும் என்று திறந்தேன். அவர் திண்ணையில் சாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பேரப்பிள்ளை மடியில்.